விளைந்த வெயிலும் விற்கும் வேளையும்

அறுவடைக் காலத்தில் நெல்லின் விலை வீழ்வதும், நெல் உழவனின் கையை விட்டு நீங்கிய பின்னர் அது ஏறுவதும் நம் நாட்டவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவரும் காட்சி. கடன்காரன் வாசலில் நிற்கையில் உழவன் களத்திலேயே விற்றுவிடுகிறான். வாங்குகின்ற வணிகனுக்கோ கிடங்கு இருக்கிறது. பொறுத்திருக்கப் பணமும் இருக்கிறது. அடுத்த போகம் எவ்வாறு அமையும், கப்பலில் அரிசி எவ்வளவு வந்திறங்கும் என்பவற்றை அவனும் அறியான். ஆயினும் இருவருக்கும் பொதுவான அந்த அறியாமை ஒருவனுக்கு நட்டமாகவும் மற்றவனுக்கு இலாபமாகவும் முடிகிறது. நாளையைப் பற்றிய நிச்சயமின்மை எல்லோருக்கும் உரியது. அதைத் தாங்கி நிற்கும் வலிமை எல்லோருக்கும் உரியதன்று.

நெல்லைப் பற்றிய இவ்வுண்மை இன்று மின்சாரத்துக்கும் பொருந்தி வருகிறது. அவுஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டின் இறுதிக்குள் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் சிறு தொழிலகங்களிலும் கூரைமேற் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டுவிட்டன. அவற்றுட் சிலவற்றின் சுவரிலே, பற்றரி என நாம் வழங்கும் மின்கலப் பெட்டியும் இருக்கிறது. தென் அவுஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெயிட்டின் புறநகரொன்றில் அத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். நண்பகலில் வெயில் கொளுத்துகிறது. தகடுகள் வீட்டின் தேவையைப் போற் பன்மடங்கு மின்சாரத்தைத் தருகின்றன. அயல் வீட்டுக் கூரைகளும் அவ்வாறே தருவதால் மொத்தச் சந்தையின் விலை பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதாவது, மின்சாரத்தைக் கொடுப்பவனே அதனை ஏற்றுக்கொள்ளும்படி காசும் கொடுக்கவேண்டிய நிலை. மாலையில் வெயில் சாய்ந்து, அடுப்புகளும் குளிரூட்டிகளும் இயங்கத் தொடங்கியதும் விலை ஏறுகிறது. பெரிய மின்நிலையம் ஒன்று அவ்வேளையிற் பழுதடைந்தாலோ, விலை ஒரு சில நிமிடங்களில் நூறு மடங்காகிவிடும்.

பெட்டியில் நிரம்பியிருக்கும் மின்சாரத்தை இப்போது விற்பதா, இரவுச் சமையலுக்கு வைப்பதா, இன்னும் ஏறக்கூடிய விலைக்காகக் காத்திருப்பதா? நாளை முகில் மூடினால் என் செய்வது? சென்ற நூற்றாண்டில் எந்தக் குடும்பமும் எதிர்நோக்காத இவ்வினா இன்று ஒரு சாதாரண வீட்டின் சமையலறைக்குள் வந்து நிற்கிறது. இவ்வினா அங்கே எப்படி வந்து சேர்ந்தது? யார் தோளில் இருந்த சுமை யார் தோளுக்கு மாறியது? இதனை அறிய மின்சாரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1882ஆம் ஆண்டு எடிசன் நியூயோர்க் நகரில் தமது மின்நிலையத்தைத் தொடங்கிய நாள் முதலாக, மின்சாரம் ஏனைய பண்டங்களினின்றும் ஒரு வகையில் வேறுபட்டே நின்றது. பெருமளவில் அதனைக் குவித்து வைக்க இயலாது. கேட்கும் கணத்திலேயே உற்பத்தி செய்தாகவேண்டும். எந்தக் கணத்தில் எத்தனை பேர் விளக்கேற்றுவர் என்பதோ எவருக்கும் தெரியாது. ஆகவே நிச்சயமின்மை இத்தொழிலோடு கூடப் பிறந்தது எனலாம்.

அதற்குப் பெரிய அளவில் ஒரு விடை கண்டவர் சிக்காகோ நகரில் 1892 முதல் மின்தொழிலை நடத்திய சாமுவேல் இன்சல். தொழிற்சாலை பகலில் இழுக்கும். டிராம் வண்டி காலையிலும் மாலையிலும் இழுக்கும். வீடு இரவில் இழுக்கும். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் ஏறியிறங்கி நிற்கும் இத்தேவைகளை ஒரே நிலையத்தின்கீழ்க் கொண்டுவந்தால், ஒன்றின் இறக்கம் மற்றதன் ஏற்றத்தை ஈடுசெய்துவிடும். பலரைச் சேர்த்தால் நிச்சயமின்மை குறையும் என்ற இவ்வுண்மையே இன்சலின் பேரரசுக்கு அத்திவாரமாயிற்று. தேவையின் ஏற்றத்தாழ்வை இவ்வளவு திறமையாக அடக்கியவர், தம் கொம்பனிகளின் கடன்சுமையைப் பங்குகள் மூலம் ஆயிரக்கணக்கான சிறு சேமிப்பாளரின் தலையில் ஏற்றினார். பொருளாதார மந்தம் முற்றிய 1932இல் அவரது கொம்பனிகள் சரிந்தபோது அச்சிறு சேமிப்பாளரின் பணமும் உடன் அழிந்தது. இன்சல் வழக்கு விசாரணையின் பின் விடுதலையானார். ஓரிடத்திற் குறைக்கப்பட்ட நிச்சயமின்மை வேறோரிடத்திற் குவிந்துவிடக்கூடும் என்பதை இவ்வரலாறு முதன்முதலாகக் காட்டிற்று.

அவுஸ்திரேலியா வேறொரு வழியை மேற்கொண்டது. விக்டோரியா மாநிலத்தில் அரச மின்சார ஆணைக்குழுவின் தலைமையை 1921இல் ஏற்ற சேர் ஜோன் மொனாஷ், முதலாம் உலகப் போரிற் படை நடத்திய பொறியியலாளர். யலோர்னின் பழுப்பு நிலக்கரியை மாநிலம் முழுவதற்கும் ஒளியாக்கியவர். தென் அவுஸ்திரேலியாவில் 1946இல் தனியார் மின்கொம்பனியை அரசுடைமையாக்கியவர் தோமஸ் பிளேபோட் என்னும் முதலமைச்சர். அவர் இடதுசாரியல்லர், பழைமை பேணும் கட்சியினர். பிற மாநிலத்து நிலக்கரியை நம்பிக் கிடந்த ஒரு தனியார் கொம்பனியின் கையில் மாநிலத்தின் கைத்தொழிலை ஒப்படைக்க இயலாது என்ற நடைமுறை உணர்வே அவரை அம்முடிவுக்கு உந்தியது. 1949இல் தொடங்கி 1974இல் நிறைவெய்திய ஸ்னோவி மலைத் திட்டமும் பொதுப் பணத்திலேயே எழுந்தது. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் அங்கே மலையைக் குடைந்தனர்.

இவ்வமைப்பில் நிச்சயமின்மையைச் சுமந்தது பொது நிறுவனம். வெப்பம் மிகுந்த ஒரு மாலைப்பொழுதுக்காக ஆண்டு முழுவதும் சில இயந்திரங்கள் சும்மா நின்றன. அவற்றின் செலவு ஒவ்வொரு வீட்டின் கட்டணத்திலும் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. வீண் கட்டடங்களும் மிகை முதலீடும் இதில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குடும்பத் தலைவி சுவிச்சைப் போடும்போது மின்சாரத்தின் விலை என்னவென்று எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

ஏறத்தாழ இதே காலத்தில், சேமித்து வைத்த ஒரு பொருளை எப்போது செலவிடுவது என்ற வினாவுக்கு ஒருவர் கணித விடை தேடிக்கொண்டிருந்தார். பிரான்சு நாட்டின் நீர்மின் பொறியியலாளரான பியர் மஸ்ஸே 1946இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தது நீர்த்தேக்கத்தின் பிரச்சினையை. இன்று மதகைத் திறந்தால் இன்றைய நிலக்கரி மிஞ்சும். நாளை மழை பொய்த்தால் அந்நீருக்காக ஏங்கவேண்டிவரும். திறக்காது வைத்திருந்து பெருமழை பெய்தாலோ நீர் வழிந்து வீணாகும். மழையை முன்னறிய முடியாது. ஆனால் எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு பெய்தது என்ற கணக்கு உண்டு. அக்கணக்கைக் கொண்டு, தேக்கத்திலுள்ள ஒவ்வொரு துளிக்கும் எதிர்காலத்தில் என்ன மதிப்பு உண்டாகக்கூடும் என்று சராசரி காணலாம். இன்றைய பயன் அந்த எதிர்பார்க்கும் பயனைவிட மிகுந்திருக்கும் வரை திற, குறைந்தவுடன் மூடு. இதுவே மஸ்ஸேயின் விதி. நீர் வானத்திலிருந்து இலவசமாக வந்ததாயினும் தேங்கியவுடன் அதற்கு ஒரு விலை உண்டாகிவிடுகிறது என்பது இதன் சாரம்.

பிரான்சின் மின்தொழில் அவ்வாண்டிலேயே தேசியமயமாக்கப்பட்டது. மஸ்ஸே அந்தத் தேசிய மின்நிறுவனத்திற் பணியாற்றி, 1959 முதல் 1966 வரை நாட்டின் திட்டமிடல் ஆணையத்துக்கே தலைமை தாங்கினார். 1957இல் அமெரிக்கக் கணிதவியலாளர் றிச்சர்ட் பெல்மன் இத்தகைய படிமுறைத் தீர்மானங்களுக்குப் பொதுவான முறையொன்றை நூலாக்கினார். பேராறுகளையும் பல நீர்த்தேக்கங்களையும் உடைய பிரேசிலின் தேவைக்கேற்ப அம்முறையை விரிவாக்கிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. ஆக, நிச்சயமின்மையின் நடுவே சேமிப்பைக் கையாளும் கலை பொது நீர்த்தேக்கங்களின் கரையில், பொதுத் தேவைக்காக வளர்ந்த கலை என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்று வீட்டுச் சுவரிலுள்ள மின்கலத்தை இயக்கும் கணிப்பொறி நிரல் இதே சிந்தனையின் வழிவந்ததே. மின்கலம் ஒரு சிறு குளம். வெயில் அதன் மழை.

குளம் தனியார் கைக்கு வந்த கதையை இனிக் காண்போம். 1982இல் சில்லி நாட்டு இராணுவ ஆட்சி மின்தொழிலைப் பிரித்துச் சந்தையாக்கும் சட்டத்தைக் கொணர்ந்தது. 1990இல் இங்கிலாந்தும் வேல்சும் அவ்வழியிற் சென்றன. விலை கணந்தோறும் மாறி, உண்மைச் செலவை எல்லோருக்கும் அறிவிக்கவேண்டும் என்ற கொள்கையை அமெரிக்கப் பேராசிரியர் பிரெட் ஷ்வெப்பேயும் அவரது துணைவர்களும் 1988இல் நூலாக எழுதியிருந்தனர். வீட்டிலுள்ள கருவிகளே விலையை அறிந்து தாமாக இயங்கும் காலத்தை ஷ்வெப்பே 1980 அளவிலேயே கற்பனை செய்திருந்தார். அவுஸ்திரேலியாவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களை இணைத்த தேசிய மின்சந்தை 1998 டிசெம்பர் 13ஆம் நாள் தொடங்கியது. விக்டோரியாவின் மின்நிலையங்கள் அதற்கு முன்னரே விற்கப்பட்டுவிட்டன. பிளேபோட் அரசுடைமையாக்கிய நிறுவனம் 1999, 2000 ஆண்டுகளில் தனியாரிடம் மீண்டது.

இச்சந்தையில் ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை எவ்வளவு தூரம் ஓடக்கூடும் என்பதை இரு எல்லைகள் காட்டும். 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்கு மேலெல்லை மெகாவாற்று மணிக்கு 20,300 டொலர். கீழெல்லை பூச்சியத்துக்குக் கீழே 1,000 டொலர். வீட்டு மீற்றரின் அலகாகச் சொன்னால், ஓர் அலகின் மொத்த விலை 20 டொலர் 30 சதம் வரை ஏறலாம். விற்பவனே ஒரு டொலர் கொடுக்கும் அளவுக்கு இறங்கவும் செய்யலாம். வேறெந்தப் பண்டத்தின் விலையும் ஒரே நாளில் இவ்வளவு ஆடுவதில்லை. பெரிய உற்பத்தியாளரும் பெரிய விற்பனைக் கொம்பனிகளும் முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்து இந்த ஆட்டத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்கின்றனர். வீட்டுக்காரரோ நெடுங்காலம் நிலையான கட்டணத்தின் பின்னே பாதுகாப்பாக இருந்தார். அவரை வெளியே அழைத்து வந்தது அவரது சொந்தக் கூரைதான்.

2008 ஜூலையில் தென் அவுஸ்திரேலியா, கூரையிலிருந்து வரும் மிகை மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு 44 சதம் வழங்கியது. 2009இல் விக்டோரியா 60 சதம் வழங்கியது. அன்று சூரியத் தகடுகளின் விலை மிக அதிகம். நிலையான விலை உறுதியின்றி எக்குடும்பமும் அவற்றை வாங்கத் துணிந்திராது. அவ்வுறுதி நிச்சயமின்மையை வீட்டுக்காரரிடமிருந்து நீக்கியது என்பது உண்மை. நீக்கிய சுமை எங்கே சென்றது? மின்சாரம் வாங்கும் எல்லோருடைய கட்டணத்திலும் அது சேர்ந்தது. சொந்தக் கூரையில்லாத வாடகைக் குடியிருப்பாளரும் அடுக்குமாடியில் வாழும் தொழிலாளரும் அதைச் செலுத்தினர். தகடுகள் மலிந்ததும் புதியவர்களுக்கான விலை விரைந்து சரிந்தது. விக்டோரியாவில் முதலிற் சேர்ந்தவர்கள் 2024 நவம்பர் வரை 60 சதமே பெற்றுவந்தனர். அவ்வாண்டிற் புதிதாகச் சேர்ந்த அயல் வீட்டுக்காரருக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையோ 3.3 சதம். வெயில் ஒன்றே, கம்பி ஒன்றே. சேர்ந்த ஆண்டு மட்டுமே வேறு.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் அரசின் மனமாற்றம் மட்டுமன்று. ஒருவர் கூரையில் வெயில் விழும்போது எல்லோர் கூரையிலும் விழுகிறது. 2021 மார்ச் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மின்னமைப்பின் நிலைபேற்றுக்காகத் தென் அவுஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான கூரைகளின் உற்பத்தி முதன்முறையாகத் தொலைவிலிருந்து நிறுத்தப்பட்டது. 2023 டிசெம்பர் 31ஆம் நாளன்று ஒரு வேளையில் அம்மாநிலம் முழுவதன் தேவையையும் கூரைகளே நிறைவேற்றி மிஞ்சின. நண்பகல் மின்சாரம் அறுவடைக் காலத்து நெல்லாயிற்று. கிடங்கு வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. 2025 ஜூலையில் நடுவண் அரசு மின்கலங்களின் விலையில் ஏறத்தாழ முப்பது வீதத்தைக் குறைக்கும் உதவித்திட்டத்தைத் தொடங்கியபோது வீடுகள் விரைந்து அவற்றை வாங்கின. சில விற்பனைக் கொம்பனிகள் மொத்தச் சந்தையின் ஐந்து நிமிட விலையையே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கின்றன. இவ்வாறாகக் குடும்பம் வணிகனாயிற்று.

இவ்வணிகன் அறியாதவை நான்கு. முதலாவது வெயில். இரண்டாவது தன் வீட்டின் தேவை: விருந்தினர் வந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அது மாறும். மூன்றாவது விலை. நான்காவது விதி. கம்பிகள் தாங்கக்கூடிய அளவுக்கேற்ப வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு எல்லை இடப்படுகிறது. நண்பகலில் மின்சாரம் அனுப்புவோரிடம் மின்விநியோக நிறுவனங்கள் கட்டணம் அறவிடவும் 2021இல் விதி திருத்தப்பட்டது. ஐந்து நிமிட விலைகளின் அரைமணிச் சராசரிக்கே முன்னர் பணம் வழங்கப்பட்டது. 2021 ஒக்ரோபர் முதலாக ஐந்து நிமிடத்துக்கே வழங்கப்படுகிறது. சட்டென்று ஏறும் விலைக்குச் சட்டென்று விடையளிக்கும் மின்கலத்துக்கு இச்சிறு மாற்றம் பெரும் நன்மையாயிற்று. விதி மாறினால் நேற்றைய கணக்கெல்லாம் மாறிவிடும்.

கணிப்பொறி நிரல் இவற்றை எவ்வாறு கையாள்கிறது? நாளைய விலை இதுதான் என்று அது சொல்வதில்லை. நாளை நிகழக்கூடிய பல கதைகளை, ஒவ்வொன்றின் நிகழ்தகவோடும், அது வரைந்துகொள்கிறது. அக்கதைகள் யாவற்றுக்கும் சராசரியாக நன்மை தரும் முடிவைத் தேடுகிறது. அம்முடிவின் முதல் ஐந்து நிமிடத்தை மாத்திரம் நிறைவேற்றிவிட்டு, புதிய விலையும் புதிய வானிலையும் தெரிந்ததும் எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிடுகிறது. மின்கலத்துள் சென்று மீளும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தேய்ந்துபோகிறது. ஒவ்வொரு முறை நிரப்பி இறைக்கும்போதும் அதன் ஆயுளும் சிறிது குறைகிறது. ஆகவே அற்ப விலை வேற்றுமைக்காக அசையலாகாது என்ற கட்டுப்பாடும் கணக்கிற் சேர்கிறது. சராசரியை மட்டும் நோக்காது, மிக மோசமான சில கதைகளின் சராசரியையும் நோக்கி அந்த நட்டத்துக்கு ஓர் எல்லை விதிக்கும் முறையை றொக்கபெலரும் உரியசெவும் 2000இல் வகுத்தனர். பின்னாளில் மின்சந்தையினரும் அதனைக் கையாண்டனர்.

ஒரு சிறு கணக்கால் இதன் உட்பொருளை விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. மாலை ஆறு மணிக்குப் பெட்டியில் 10 அலகு உண்டு. இப்போதைய விலை அலகுக்கு 40 சதம். ஏழு மணிக்கு இருபதில் ஒரு வாய்ப்பில் விலை 15 டொலராகும். எஞ்சிய பத்தொன்பது வாய்ப்பில் 20 சதமாகும். காத்திருப்பதன் சராசரிப் பயன் அலகுக்கு ஏறத்தாழ 94 சதம். ஆகவே காத்திரு என்கிறது கணக்கு. ஆனால் அவ்வாறு காத்திருக்கும் குடும்பம் இருபது மாலைகளில் பத்தொன்பதில் இப்போது பெறுவதிற் பாதியையே பெறும். இருபதாவது மாலை இந்த மாதம் வருமா, அடுத்த ஆண்டு வருமா என்பது தெரியாது. மின்கலத்தைக் கடனுக்கு வாங்கியவருக்கோ மாதந்தோறும் தவணை உண்டு. பணமுள்ளவன் சராசரியை நம்பி வாழலாம். தவணைக்காரன் இந்த மாதத்தைத்தான் வாழவேண்டும். களத்திலேயே நெல்லை விற்ற உழவனை நாம் இங்கே மீண்டும் சந்திக்கிறோம்.

பலரைச் சேர்த்தால் நிச்சயமின்மை குறையும் என்று இன்சல் கண்டாரே, அவ்வழி இங்கே உதவாதா? ஓரளவுக்கு உதவும். ஆயிரம் வீடுகளைச் சேர்த்தால் ஒரு வீட்டின் விருந்தும் மற்ற வீட்டின் வெளியூர்ப் பயணமும் ஈடாகிவிடும். ஒரு கூரைமேல் முகில் கடக்கையில் மற்றொன்றில் வெயில் அடிக்கும். ஆனால் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அது வீழ்ந்தால் ஆயிரம் வீடுகளும் ஒருங்கே நட்டமடையும். பத்தாயிரம் வீடுகளைச் சேர்த்தாலும் அது மாறாது. ஆகவே நிச்சயமின்மை இருவகைப்படும். வீட்டுக்கு வீடு வேறுபடுவது ஒன்று. எல்லோரையும் ஒரே நேரத்தில் தாக்குவது மற்றொன்று. முன்னதைக் கூட்டுச் சேர்ந்து கரைக்கலாம். பின்னதைக் கரைக்க முடியாது. பங்கிட மட்டுமே முடியும். யார் எவ்வளவு ஏற்பது என்ற கேள்விக்குக் கணிதத்தில் விடையில்லை.

இப்பொதுத் தாக்கம் நேரில் வந்த ஆண்டுகள் இரண்டை நாம் மறக்கலாகாது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. எரிவாயுக் குழாய்கள் உறைந்தன, மின்நிலையங்கள் நின்றன. மொத்த விலை மெகாவாற்று மணிக்கு 9,000 டொலர் என்ற எல்லையில் நாட்கணக்காக நின்றது. மாதம் 9 டொலர் 99 சதம் மட்டும் பெற்றுக்கொண்டு மொத்த விலையை அப்படியே வீட்டுக்குக் கொடுத்துவந்த கிரிடி என்னும் கொம்பனியின் வாடிக்கையாளர், சாதாரண நாட்களில் மலிவாக மின்சாரம் பெற்றவர்கள், அந்த ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கான டொலர் கடனாளிகளாயினர். மார்ச் மாதத்தில் அக்கொம்பனி வங்குரோத்தானது. அத்தகைய மொத்த விலைத் திட்டங்களை வீடுகளுக்கு விற்பதை மாநிலச் சட்டமன்றம் அவ்வாண்டிலேயே தடைசெய்தது. அக்குளிரில் 246 பேர் இறந்ததாக மாநில அரசு கணக்கிட்டது. விலை உயர்ந்தால் மக்கள் நுகர்வைக் குறைப்பர் என்பது சந்தைக் கொள்கை. உறைபனியில் வீட்டை வெப்பமாக்குவதை எந்தத் தாய் குறைப்பாள்?

மறு ஆண்டு, 2022 ஜூனில், அவுஸ்திரேலியச் சந்தையே தடுமாறியது. நிலக்கரி நிலையங்கள் பல பழுதடைந்திருந்தன. உக்ரேன் போரினால் எரிபொருள் விலை உயர்ந்திருந்தது. ஜூன் 15ஆம் நாள் சந்தை இயக்குநர் சந்தையையே இடைநிறுத்தினார். 24ஆம் நாளிலேயே அது மீண்டும் முழுமையாக இயங்கியது. சிறு விற்பனைக் கொம்பனிகள் சில, தம்மை விட்டு வேறிடம் செல்லுமாறு தம் வாடிக்கையாளரையே வேண்டிக்கொண்டன. நிச்சயமின்மையைச் சந்தையே கையாளும் என்று இருபத்து மூன்று ஆண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. நிச்சயமின்மை மிகுந்த வாரத்தில் பொது நிறுவனமே பொறுப்பை ஏற்று ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் கண்டு, வீட்டு மின்கலமே வீண் என்று கூறுவதற்கில்லை. அதன் உண்மையான ஆற்றலை 2019 ஒக்ரோபர் 9ஆம் நாள் காட்டியது. அன்று குயின்ஸ்லாந்தின் கோகன் கிறீக் நிலையம் 748 மெகாவாற்று உற்பத்தியோடு திடீரென நின்றது. 50 ஹேட்ஸில் நிற்கவேண்டிய மீடிறன் 49.61க்கு இறங்கியது. அதனை உணர்ந்த தென் அவுஸ்திரேலிய வீட்டு மின்கலங்கள், மனிதர் எவரும் சொல்லாமலே, தம் மின்சாரத்தைக் கம்பியில் இறக்கி மீடிறனைத் தாங்குவதிற் பங்குகொண்டன. அவற்றுட் பல அரசாங்க வாடகை வீடுகளின் சுவர்களில் இருந்தவை. 2018இல் மாநில அரசும் டெஸ்லா கொம்பனியும் அறிவித்த திட்டத்தின்கீழ் 50,000 வீடுகளை ஒரே மின்நிலையம் போல இணைப்பது நோக்கமாயிருந்தது. முதலில் ஏழைக் குடும்பங்கள் வாழும் அரசாங்க வீடுகளிலேயே அது தொடங்கியது. இத்தகைய இணைப்பை மெய்நிகர் மின்நிலையம் என்பர். அவ்வீட்டார் தகடோ மின்கலமோ வாங்கவில்லை. குறைந்த கட்டணம் பெற்றனர். விலை ஏறியிறங்கும் இடர் அவர்கள் மேல் விழவில்லை. கருவியின் உரிமையும் அவர்களிடம் இல்லை.

இவ்வெடுத்துக்காட்டில் நன்மையும் கேள்வியும் ஒருங்கே உள்ளன. சேர்ந்து நிற்றலால் எளிய குடும்பமும் பெரிய நிலையத்துக்கு ஒப்பான பணியைச் செய்ய முடிந்தது, இது நன்மை. அச்சேர்க்கையின் சாவி யார் கையில் என்பது கேள்வி. வேறு பல திட்டங்களில் மின்கலத்தை வாங்கியவர் வீட்டுக்காரர். எப்போது நிரப்புவது, எப்போது இறைப்பது என்று முடிவு செய்பவர் கொம்பனியினர். விலை ஏறிய மாலையில் எவ்வளவு கிடைத்தது, அதில் எவ்வளவு பகிரப்பட்டது என்பது வீட்டுக்காரர் பார்க்காத கணக்கு. கணக்கைத் திறந்து காட்டுதல், இலாபத்திலும் நட்டத்திலும் பங்கை முன்கூட்டியே எழுதி வைத்தல், வீட்டின் இரவுத் தேவைக்கு ஒரு பங்கை எவரும் தொடாது விடுதல், மோசமான வாரத்துக்கு ஒரு பொது நிதி வைத்தல், கூரையில்லாதவரையும் பங்காளராகச் சேர்த்தல் ஆகிய இவையெல்லாம் கணிப்பொறி செய்யும் வேலைகளல்ல. ஒன்றுகூடிய மனிதர் பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை.

இலங்கையிற் குடும்பங்கள் ஐந்து நிமிட விலைக்கு மின்சாரம் விற்கும் சந்தை இல்லை. கூரை மின்சாரத்துக்கு ஒப்பந்த விலை வழங்கப்படுகிறது. எனினும் அவுஸ்திரேலியக் கூரைகளின் பிரச்சினை நம்மை வந்தடைந்துவிட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களின் பின், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தபோது, பகல் வேளையில் கூரைத் தகடுகளின் இணைப்பை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. மின்கலம் பற்றிய பேச்சு இங்கும் எழுந்திருக்கிறது. அதனோடு கூட, இடரை யார் சுமப்பது என்ற பேச்சும் எழவேண்டும்.

அதற்கு நாம் எங்கோ தேடிச் செல்லவேண்டியதில்லை. வடமத்திய மாகாணத்துக் குளத்தடிக் கிராமங்களில் பெத்ம என்றொரு வழக்கம் உண்டு. மழை பொய்த்துக் குளத்தில் நீர் குறைந்த போகத்தில் எல்லா வயலையும் விதைப்பதில்லை. குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும், அது யாருடையதாயினும், அந்த ஒரு போகத்துக்கு எல்லோரும் பங்கிட்டுப் பயிரிடுவர். வறட்சி எல்லோரையும் ஒருங்கே தாக்குவது. அதைக் கரைக்க முடியாது, பங்கிடத்தான் முடியும் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். எவ்வளவு நீர் இருக்கிறதென்று குளக்கட்டில் நின்று எல்லோரும் கண்ணாரப் பார்த்த பின்னரே அம்முடிவை எடுத்தனர். சுவரில் தொங்கும் புதிய குளங்களின் நீர்மட்டத்தையும், அவற்றின் கணக்கையும், அவற்றுக்கு உரியவர்கள் அவ்வாறே பார்க்க முடியவேண்டும். மதகின் சாவியைப் பற்றிப் பேசுவது அதன் பிறகே பொருளுடையதாகும்.